புதுக் கணினியில் எந்த மென்பொருள்? கோப்பிலிருந்து தொடங்குவோம்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. 2015 ஜூலை 29இல் வெளிவந்த இயங்குதளம் அது. பத்தாண்டுக்கு மேலாக வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் ஓடியது. பல இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே நாளில் ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் ஆதரவு நின்றுபோனது. இது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இதையொட்டிப் பலர் கணினி மாற்றுகிறார்கள். சிலர் பழையதையே துடைத்துப் புதிதாக இயங்குதளம் போடுகிறார்கள். இருவரும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: என்னென்ன சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும்?

சர்வீஸ் கடையில் இதற்கு ஆயத்த விடை உண்டு. கடைக்காரரின் பென்டிரைவில் உள்ள முப்பது, நாற்பது மென்பொருளும் வரிசையாக உள்ளே போகும். கேட்காதவையும் போகும். இணையத்தில் கிடைக்கும் "கட்டாயம் வேண்டிய 25" பட்டியல்களும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் மென்பொருளிலிருந்து தொடங்குகின்றன. மென்பொருள் நிற்கும், விலைபோகும், பெயர் மாறும். பத்து ஆண்டு கழித்தும் நமக்குத் தேவைப்படுபவை கோப்புகள்: பத்திர நகல், கல்யாண வீடியோ, பாதி எழுதிய புத்தகம், கடைக் கணக்கு. அவற்றை எதில் உருவாக்குகிறோம், எந்த வடிவில் சேமிக்கிறோம், நாளை எதைக் கொண்டு திறப்போம் என்று கேட்டுக்கொண்டால் மென்பொருள் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

## ஆதரவு முடிந்தது என்றால் நின்றது எது?

கணினி நிற்கவில்லை. நாளைக் காலையும் வழக்கம்போலத் திறக்கும். நின்றது பாதுகாப்புத் திருத்தம். எந்த மென்பொருளிலும் ஓட்டை உண்டு. யாராவது கண்டுபிடிப்பார்கள், தயாரித்தவர் அடைத்து அனுப்புவார். அப்டேட் என்பதில் பெரும்பகுதி இந்த அடைப்பு வேலைதான்.

அடைப்பை வாங்கிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே 12 நல்ல சான்று. அன்று பரவிய வன்னாக்ரை என்ற பிணைப்பண நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். மருந்து வாசல்வரை வந்தும் குடிக்காமல் விட்டவை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு இப்போது மூன்று வழிகள்:

1. கூடுதல் பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் வரும். இது அவகாசம் மட்டுமே.
2. விண்டோஸ் 11க்கு மாறலாம். அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் சில்லு என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, அதாவது 2017க்குப் பிறகு வந்தது, தேவை. நன்றாக ஓடும் பல கணினிகள் இந்த வாசலில்தான் திருப்பி அனுப்பப்படுகின்றன.
3. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை ஒன்றைப் போடலாம். கீழே சொல்லப்படும் மென்பொருள்களில் பெரும்பாலானவை அங்கும் அதே பெயரில் கிடைக்கும். டேலி, போட்டோஷாப் போல விண்டோஸை நம்பிய வேலை இருந்தால் இந்த வழி கடினம்.

## நிறுவும்போது எதைக் கொடுக்கிறோம்?

கைபேசியில் ஒரு செயலி கேமராவைத் தொட வேண்டுமானால் நம்மிடம் கேட்கும். விண்டோஸ் கணினியில் வழக்கமாக நிறுவும் நிரல்களுக்கு அப்படிப்பட்ட தடுப்புச்சுவர் கிடையாது. ஒருமுறை இயக்கிவிட்டால், உங்கள் பெயரில் உள்ள எல்லா ஆவணத்தையும் அது படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். நிறுவும்போது திரை மங்கி "மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா" என்று கேட்கிறதே, அதற்கு ஆம் என்றால் இயங்குதளத்தின் உள்ளறைச் சாவியும் சேர்ந்து போகிறது. இன்று நாம் கொடுக்கும் சாவியை நாளை யார் வைத்திருப்பார் என்பதும் நம் கட்டுப்பாட்டில் இல்லை.

சிசிகிளீனரை எடுத்துக்கொள்வோம். கணினியைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிக் கோடிக்கணக்கானோர் நிறுவிய மென்பொருள். 2017 ஜூலையில் அதன் நிறுவனம் அவாஸ்டுக்குக் கைமாறியது. ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை, அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இறங்கிய 5.33 பதிப்பில் திருட்டுநிரல் கலந்திருந்தது. தயாரிப்பாளரின் கணினிக்குள்ளேயே யாரோ புகுந்திருந்தார்கள். சுமார் 22.7 லட்சம் பேர் அந்தப் பதிப்பைப் போட்டுவிட்டார்கள். அவர்கள் தவறான இடத்தில் இறக்கவில்லை, கிராக் தேடவில்லை. இல்லாமலே இருந்திருக்கக்கூடிய ஒன்றைப் போட்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

இன்னொன்று 2024இல் நடந்தது. காஸ்பர்ஸ்கி வைரஸ் தடுப்பானை அமெரிக்க அரசு தடை செய்தது. செப்டம்பரில் அங்கே பலர் கணினியைத் திறந்து பார்த்தபோது காஸ்பர்ஸ்கி இருந்த இடத்தில் அல்ட்ராஏவி என்ற வேறொரு மென்பொருள் உட்கார்ந்திருந்தது. தானாகவே பதிலி போட்டிருந்தார்கள். தொழில்நுட்பத்தில் இதில் வியப்பு எதுவும் இல்லை. அப்டேட் அனுப்பும் உரிமை உள்ளவர் எதையும் அனுப்ப முடியும்.

ஆகவே குறைவாக நிறுவுவதே முதல் பாதுகாப்பு. வைரஸ் தடுப்பான் அதற்குப் பிறகு.

## இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஃப்ரீ என்ற ஒரே சொல் என்பதால் அங்கே பல பத்தாண்டுகளாகக் குழப்பம். தமிழில் அந்தச் சங்கடம் இல்லை.

இலவச மென்பொருள் காசு கேட்காது, அவ்வளவே. மூலநிரல், அதாவது மென்பொருளை ஆக்கிய நிரல்வரிகள், நிறுவனத்திடமே இருக்கும். நாளை விளம்பரம் சேர்க்கலாம், கட்டணம் போடலாம். 2015 மார்ச்சில், கோப்பு இறக்கப் பயன்படும் மியூடாரன்ட் மென்பொருளின் நிறுவியோடு கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒன்று தொற்றிக்கொண்டு வந்தது நினைவிருக்கும்.

கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் வெளியில் இருக்கும். யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். நடத்துபவர் தடம் மாறினால் மற்றவர்கள் நகலெடுத்துத் தனியே நடத்த முடியும். மைக்ரோசாப்ட் ஆபீஸுக்கு மாற்றான லிப்ரெஆபீஸ் பிறந்ததே இப்படித்தான். ஓப்பன்ஆபீஸை நடத்திவந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய பிறகு அது என்னாகுமோ என்று அஞ்சிய அதன் ஆக்குநர்கள் 2010 செப்டம்பர் 28 அன்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்துப் பிரிந்தார்கள். பயன்படுத்தியவர் ஒரு கோப்பைக்கூட இழக்கவில்லை.

சோதனைப் பதிப்பு ஒரு மாதம்போல ஓடும். புதுக் கணினியோடு வரும் வைரஸ் தடுப்பான் பெரும்பாலும் இந்த இனம். காலம் முடிந்ததும் மிரட்டத் தொடங்கும்.

கிராக் என்பது பூட்டை உடைத்த பதிப்பு. சட்டம், அறம் இரண்டையும் ஒரு நிமிடம் தள்ளி வைத்தாலும் தொழில்நுட்பக் கணக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. கிராக் வேலை செய்ய வேண்டுமானால் "வைரஸ் தடுப்பானை நிறுத்திவிட்டு இயக்கவும்" என்று எழுதியிருப்பார்கள். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு, முகம் தெரியாதவருக்கு உள்ளறைச் சாவி. விண்டோஸையும் ஆபீஸையும் திறக்கும் கேஎம்எஸ்பிகோ என்ற கருவியின் போலி நிறுவிகள் கடவுச்சொல் திருடும் நிரலைச் சுமந்துவந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிராக் போட்டவர் அப்டேட்டுக்கும் பயப்படுவார், அப்டேட் வந்தால் கிராக் செத்துவிடும் என்று. ஓட்டைகள் அப்படியே இருக்கும்.

## நிறுவும் முன் நான்கு கேள்விகள்

1. இந்த வேலைக்குக் கணினியிலேயே ஏதாவது இருக்கிறதா? பிடிஎஃப் படிக்க உலாவி போதும். திரையைப் படமெடுக்க விண்டோஸிலேயே கருவி உண்டு.
2. இதில் உருவாக்கும் கோப்பை வேறொரு மென்பொருளில் திறக்க முடியுமா? முடியாது என்றால் அந்த மென்பொருள் நிற்கும் நாளில் கோப்பும் சாகும்.
3. திருத்தம் எப்படி வந்து சேரும்? தானாகவா, நாம் தேடிப் போக வேண்டுமா?
4. பணம் எங்கிருந்து வருகிறது? விற்பனை, சந்தா, நன்கொடை, அறக்கட்டளை, விளம்பரம் என்று விடை தெளிவாக இருந்தால் சரி. காசும் வாங்காமல், விளம்பரமும் காட்டாமல், யார் நடத்துகிறார் என்றும் தெரியாமல் ஒரு "பிடிஎஃப் மாற்றி" இருந்தால் விட்டுவிடலாம்.

இரண்டாம் கேள்விதான் கனமானது. அதன் விலையைத் தமிழில் எழுதுபவர்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம்.

## தமிழ் எழுத: கோப்புகள் செத்த கதை

1990களிலும் அதற்குப் பிறகும் தமிழில் தட்டச்சு செய்த கோப்பு ஒன்றை இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரியும். கோப்பு கெடவில்லை. காரணம் எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒப்பந்தமே குறியாக்கம். பழைய எட்டு பிட் முறையில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128இல் ஆங்கிலம் குடியிருந்தது. தமிழுக்கு உலகளாவிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வராத காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு செய்தார்கள். ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிடுவது ஒரு உத்தி. பாமினி அந்த வகை. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் இதழ்களிலும் அது ஆட்சி செய்தது. தமிழ்நாட்டு அச்சகங்களிலும் புழங்கியது. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கோப்பில் சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். திரையில் அம்மா தெரிவது எழுத்துரு போட்ட வேஷம். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும்.

பாமினி மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். டிஸ்கி, டேப், டேம், தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில், அச்சகங்களின் ஸ்ரீலிபி என்று ஒவ்வொன்றும் தனித்தனி ஒப்பந்தம். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க முடியாது. தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது. அச்சகங்கள் நம்பியிருந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அது யூனிகோடை ஏற்கவே இல்லை. பேஜ்மேக்கர் கோப்பு, அதற்குள் பழைய எழுத்துரு என்று இரண்டு பூட்டு போட்டு எத்தனையோ நூல்கள் பழைய ஹார்ட் டிஸ்குகளில் கிடக்கின்றன.

யூனிகோடு இதைத் தீர்த்தது. உலகின் எழுத்து முறைகள் ஒவ்வொன்றுக்கும் தனி இடம். தமிழ் 1991இன் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் அதை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. 2010 ஜூன் 23 அன்று, கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் தொடக்க நாளில், தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. யூனிகோடு சரிவர வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆணை வந்த பிறகும் வானவில் எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கைகள் வந்துகொண்டிருந்தது வேறு கதை.

இன்றைய விண்டோஸில் தமிழுக்காகத் தனியே எதுவும் வாங்க வேண்டாம்:

1. எழுத்துரு: நிர்மலா கூடவே வருகிறது. பழைய ஆவணங்களில் லதா அல்லது விஜயா கேட்டால், கூடுதல் வசதிகள் பட்டியலில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.
2. விசைப்பலகை: மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தபின் தமிழ் 99ஐத் தேர்ந்தெடுக்கலாம். ஆங்கில ஒலியில் அடித்துத் தமிழாகப் பெறும் முறையை விண்டோஸ் 10க்கு 2019 மே மாதப் புதுப்பிப்பு கொண்டுவந்தது.
3. இவை கைக்கு ஒத்துவராவிட்டால் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி. தட்டச்சுப் பொறி அமைப்பிலோ பாமினி அமைப்பிலோ கை பழகியவர்கள் அந்த அடியிலேயே யூனிகோடு பெறலாம் என்பதுதான் இவற்றின் பெரிய உதவி. விரல் பழக்கத்தை மாற்ற வேண்டாம். கோப்பு மட்டும் மாறினால் போதும்.

புதிதாகக் கற்பவருக்குத் தமிழ் 99ஐயே சொல்வேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதன்மீது புள்ளி தானாக விழும். "அம்மா"வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல்; ஆங்கில ஒலிவழியில் ஐந்து. வேறுபாடு சிறியதாகத் தெரியும். ஒரு நாவலை அடித்து முடிக்கும்போது அது சிறியதல்ல என்று மணிக்கட்டுக்குத் தெரியும்.

## எழுத்து வேலைக்கு

ஆபீஸ் 2007இலிருந்து வேர்டு கோப்பின் வடிவம் டாக்எக்ஸ். லிப்ரெஆபீஸின் வடிவம் ஓடிடி. அது சார்ந்த ஓடிஎஃப் தரம் 2006இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் ஏற்பு பெற்றது. இரண்டுமே உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். டாக்எக்ஸ் கோப்பின் நகல் ஒன்றை, ஜிப் பிரிக்கும் மென்பொருளான 7-ஜிப்பில் திறந்து பாருங்கள்; உள்ளே சாதாரண எழுத்துக் கோப்புகளும் படங்களும் இருக்கும். மென்பொருள் எதுவுமே மிஞ்சாத நிலையிலும் அதிலிருந்து வாசகத்தை மீட்டுவிடலாம். பேஜ்மேக்கர் கோப்புக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

வீட்டுக் கடிதம், விண்ணப்பம், மாணவர் கட்டுரை, எளிய கணக்கு ஆகியவற்றுக்கு லிப்ரெஆபீஸ் தாராளம். சிக்கல் எங்கே வரும் என்றால், டாக்எக்ஸ் கோப்பு இருவரிடையே திரும்பத் திரும்பப் போய்வரும்போது. பக்க அமைப்பு சற்றே நகரும், அட்டவணை ஒதுங்கும். பதிப்பாளரோ அலுவலகமோ வேர்டில் திருத்தம் குறித்து அனுப்புகிறார்கள் என்றால் வேர்டு வைத்திருப்பதே நிம்மதி. எக்செல்லில் மேக்ரோ எழுதி வைத்திருப்பவரும் அப்படியே. மற்றவர்கள் கிராக் ஆபீஸைவிட முறையான லிப்ரெஆபீஸில் இருப்பது மேல். விண்டோஸோடு வந்த வேர்டுபேட் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால் இங்கே ஏதாவது ஒன்று போட்டே ஆக வேண்டும்.

## உலாவி

குரோம், எட்ஜ், பிரேவ், ஓப்பரா எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் எழும்பியவை. ஃபயர்ஃபாக்சின் எஞ்சின் தனி. எதை எடுத்தாலும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் பாதுகாப்பில் பெரிய பேதம் இல்லை. பேதம் விளம்பரத் தடுப்பில் இருக்கிறது. உலாவியில் சேர்க்கும் துணைநிரல்களான நீட்சிகளுக்கான விதிகளை கூகுள் மாற்றியதால், யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி 2025இல் குரோமில் செயலிழந்தது. குறைந்த திறனுள்ள லைட் வடிவம்தான் அங்கே ஓடுகிறது. ஃபயர்ஃபாக்சில் முழு வடிவம் தொடர்கிறது.

விளம்பரத் தடுப்பை வசதியாக மட்டும் பார்க்க வேண்டாம். தேடுபொறியில் மென்பொருளின் பெயரைத் தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அந்த விளம்பரம் போலித் தளத்துக்கு இழுக்கலாம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றி எச்சரித்து, விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்தச் சொன்னது.

## பிடிஎஃப், வீடியோ, ஜிப்

பிடிஎஃப் 1993இல் அடோபியிடமிருந்து வந்து 2008இல் ஐஎஸ்ஓ தரமானது. படிக்க உலாவி போதும், வேகம் வேண்டுமானால் சுமத்ரா. அடோபி ரீடர் ஒரு வேலைக்குத் தேவைப்படும்: ஆதார் பிடிஎஃபில் மின்கையெழுத்துக்கு மேல் கேள்விக்குறி தெரிந்தால் அதைச் சரிபார்ப்பது அங்கேதான் வழக்கம். பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க இணையத் தளங்களுக்குப் பட்டாவையும் ஆதாரையும் ஏற்றிவிடுகிறோம். பிடிஎஃப்சாம் பேசிக் அதையே கணினிக்குள் செய்யும்.

தமிழ் எழுதுபவர் கவனிக்க ஒன்று. பிடிஎஃப் அச்சடித்த தாளைப் போன்றது. எழுத்தைவிட அதன் வடிவத்தை வரைவதே அதன் முதல் கவலை. யூனிகோடில் எழுதிய தமிழைப் பிடிஎஃப் ஆக்கி மறுபடி நகலெடுத்தால் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி வருவது இதனால்தான். பிடிஎஃப் அனுப்புங்கள்; மூல டாக்எக்ஸையோ ஓடிடியையோ அழிக்காதீர்கள்.

வீடியோவுக்கு விஎல்சி. 1996இல் பாரீசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம். கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் உள்ள சூத்திரம். விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தானே சுமந்துவருவதால் "கோடெக் பேக்" தேடி அலைய வேண்டாம். ஐபோனில் எடுத்த எச்இவிசி வீடியோவுக்கு விண்டோஸின் சொந்த இயக்கி காசு கொடுத்து நீட்சி வாங்கச் சொன்னாலும் விஎல்சி ஓட்டிவிடும்.

ஜிப், ரார் கோப்புகளுக்கு 7-ஜிப். அதற்கு ஒரு குறை: தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. இணையத்திலிருந்து வந்தது என்று கோப்பின்மேல் விண்டோஸ் ஒட்டும் எச்சரிக்கை முத்திரை, பொட்டலத்தைப் பிரித்ததும் காணாமல்போகும் ஓட்டை ஒன்று அதில் இருந்தது, 24.09 பதிப்பில் அடைத்தார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு அந்தச் செய்தியே போய்ச் சேராது. வின்ராரும் இப்படித்தான். 2019இல் வெளிப்பட்ட அதன் ஓட்டை ஏஸ் என்ற வழக்கொழிந்த வடிவத்தைப் பிரிக்கும் பழைய துணைநிரலில் இருந்தது. வெளிப்படும் முன் அது 19 ஆண்டுகள் அங்கேயே இருந்தது. மூன்றாம் கேள்வி எதற்கு என்றால் இதற்குத்தான். விண்டோஸோடு வரும் விங்கெட் என்ற கட்டளைக் கருவி, நிறுவிய மென்பொருள்களில் பெரும்பாலானவற்றை ஒரே கட்டளையில் புதுப்பிக்கும். மாதம் ஒருமுறை போதும்.

## காவலும் கடவுச்சொல்லும்

2012இன் விண்டோஸ் 8 முதல் வைரஸ் தடுப்பான் இயங்குதளத்தோடே வருகிறது. வீட்டுக் கணினிக்கு அந்த டிஃபெண்டர் போதும். வேறொன்று நிறுவினால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும்; அதன் சந்தா தீர்ந்ததும் கவனிக்காமல் விட்டால் காவலும் அரைகுறையாகும்.

கடவுச்சொல் மேலாளர் என்பது எல்லாக் கடவுச்சொல்லையும் ஒரு தலைச்சொல்லால் பூட்டி வைக்கும் பெட்டி. பிட்வார்டன் மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பகத்தில், வைக்கும். கீபாஸ்எக்ஸ்சி உங்கள் கணினியில் ஒரே கோப்பாக வைக்கும். இரண்டுமே கட்டற்றவை. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டிகளே திருடுபோயின. அப்போது எளிய தலைச்சொல் வைத்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். எந்த மேலாளர் என்பதைவிட, தலைச்சொல் எவ்வளவு நீளம் என்பது முக்கியம்.

## போடவே வேண்டாதவை

ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர், ரேம் பூஸ்டர், கோடெக் பேக் ஆகிய நான்கும் தேவையில்லை. டிரைவர்களை விண்டோஸ் அப்டேட்டும் கணினி நிறுவனத்தின் தளமும் தருகின்றன. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் அமைப்பு விவரங்கள் உள்ள பதிவேடு; அதைத் துடைத்தால் வேகம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. வேகம் வேண்டுமானால் சுழலும் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதே பலன் தரும்.

எனிடெஸ்க் போன்ற தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருளைத் தேவைப்படும்போது போட்டு, முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். மென்பொருளில் பிழையில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அதை நிறுவச்செய்து கணக்கைக் காலி செய்யும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

## பழைய கணினியைக் கொடுக்கும் முன்

காப்புநகலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. கூகுள் டிரைவும் ஒன்டிரைவும் ஒத்திசைப்பவை. இங்கே அழித்தால் அங்கும் அழியும், சில நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், பிறகு போய்விடும். விண்டோஸ் 11 பல கணினிகளில் ஆவணக் கோப்புறையை ஒன்டிரைவோடு இணைத்துவிடுகிறது. இலவச இடம் 5 ஜிபிதான் என்பதால் கொஞ்ச நாளில் நிரம்பி நிற்கும். எனவே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றாவது வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைக்க வேண்டும். செருகியே இருந்தால் பிணைப்பண நச்சுநிரல் அதையும் பூட்டும்.

பாமினி, வானவில், பேஜ்மேக்கர் கோப்பு வைத்திருப்பவருக்கு வரிசை கொஞ்சம் மாறும். அந்த எழுத்துருவும் அந்த மென்பொருளும் இன்னும் ஓடுவது பழைய கணினியில்தான்.

1. ஒவ்வொரு கோப்பையும் அங்கேயே திறந்து, எந்த எழுத்துரு என்று குறித்துக்கொள்ளவும். குறியாக்கத்தை அறிய இதுவே துப்பு.
2. பார்த்த வடிவம் கெடாமலிருக்க ஒரு பிடிஎஃப் எடுத்துவைக்கவும்.
3. வாசகத்தை வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் உரிய குறியாக்கத்தைத் தேர்ந்து யூனிகோடாக்கவும்.
4. பிடிஎஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் படிக்கவும். பாமினி வகைக் கோப்பில் ஆங்கிலச் சொல் கலந்த இடங்கள் தமிழ்க் குப்பையாகியிருக்கும். அந்த எழுத்துருவுக்கு இரண்டும் ஒரே எண்கள்தானே.
5. அந்த எழுத்துருக் கோப்பையும் ஆவணங்களோடு நகலெடுத்துவைக்கவும்.

இது முடிந்த பிறகே பழைய கணினியை எக்ஸ்சேஞ்சுக்கோ காயலான் கடைக்கோ அனுப்பலாம்.